முதுசமாகாத வீடு

2024 ஒக்டோபர் இறுதியில் ஓர் இரவு, லண்டனிலிருந்து அக்கா அழைத்தார். சுகம் விசாரிக்கும் முன்னரே ஒரு சொல்லுக்குத் தமிழ் கேட்டார்.

"சக்செஷன் எண்டால் தமிழிலை என்ன, தம்பி? நீ தமிழ் படிப்பிக்கிறனி, சொல்லு பாப்பம்."

யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளன் நான். 'வாரிசுரிமை' என்று தயங்காமல் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு அக்கா சொன்னார்: "வாரிசு எண்டால் பிள்ளையெல்லோ. பிள்ளைக்கு இல்லையெண்டுதானே இந்தக் கடிதத்திலை எழுதிக் கிடக்கு."

அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அன்றிரவு முழுவதும் அதனோடு அமர்ந்திருந்தேன். இதுவரை எந்தச் செய்யுளுக்கும் நான் இவ்வளவு கவனமாகப் பதவுரை எழுதியதில்லை.

அக்காவின் வீடு வட லண்டனில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமானது. எங்களவர் பேச்சில் 'கவுன்சில் வீடு'. 1998 இல் அத்தானின் பெயரில் அது கிடைத்தது. அதற்கு முன் இரண்டரை ஆண்டுகள், தற்காலிக விடுதி ஒன்றின் ஒற்றை அறையில், கைக்குழந்தையோடு அவர்கள் காத்திருந்தார்கள். அத்தான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து, பகலில் உறங்குவார். குழந்தை அழுதால் அவருடைய உறக்கம் கெடும் என்பதற்காக, மழையென்றும் பனியென்றும் பாராமல் மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தெருக்களில் நடந்ததாக அக்கா சொல்லியிருக்கிறார்.

2016 இல் அத்தான் காலமானார். வாடகை உரிமை மனைவி என்ற முறையில் அக்காவுக்கு வந்தது. கடிதம் அப்போது எழுதப்பட்டது. "இந்த வாடகை உரிமை ஒருமுறை கைமாறிவிட்டது, இனி ஒருமுறை கைமாறாது" என்பதே அதன் சாரம். இங்கிலாந்தின் சட்டப்படி இத்தகைய உரிமை பொதுவாக ஒரு தடவை மட்டுமே வழிவழி செல்லும். 2012 ஏப்ரலுக்கு முன் தொடங்கிய வாடகையாயின், கணவனோ மனைவியோ இல்லாதபோது, இறந்தவரோடு கடைசி ஓராண்டாவது கூடவே வாழ்ந்த பிள்ளையும் அதைப் பெறலாம். ஆனால் அந்த ஒரு தடவை அக்காவோடு முடிந்துபோயிற்று. அவருக்குப் பின் மகன் அந்த வீட்டில் இருக்க வேண்டுமானால், அது கவுன்சிலின் கருணையே தவிர மகனின் உரிமையன்று.

இதிலொரு கொடுமையான கணக்கு உண்டு. அத்தானுக்கு முன் அக்கா இறந்திருந்தால், அத்தானுக்குப் பின் வீடு மகனுக்கு வந்திருக்கும். இதை நான் விளக்கியபோது அக்கா சிரித்தார். "அப்ப நான் உயிரோடை இருக்கிறதுதான் பிழையோ?"

எங்கள் மண்ணின் தேசவழமை, 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதித்துவைத்த சட்டம். முன்னோர் வழி வந்தது முதுசம். மகளோடு போவது சீதனம். கணவனும் மனைவியும் கூடி வாழும் காலத்தில் ஈட்டியது தேடிய தேட்டம். ஒரு குடும்பத்தின் உடைமை எல்லாவற்றையும் இந்தச் சில சொற்களுக்குள் அடக்கிவிடலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அக்காவின் வீடு இவற்றுள் எதற்குள்ளும் அடங்கவில்லை. இருபத்தாறு ஆண்டு வாடகை கட்டியும் தேட்டமாகாத, கணவனிடமிருந்து வந்தும் முதுசமாகாத ஒரு வீடு.

எங்கள் பிறந்த வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 இல் இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. அம்மா நகையை மறந்தாலும் காணி உறுதியை மறக்கவில்லை. அந்தத் தோற்பை பல வீடுகளில், பல முகாம்களில் அவருடைய தலைமாட்டில் கிடந்தது. பல ஆண்டுகள் கழித்துக் காணி விடுவிக்கப்பட்டபோது சுவர்களில் ஒன்றுகூட இல்லை. கிணறு மட்டும் இருந்தது. எங்களிடம் உறுதி இருந்தது, வீடு இல்லை. அக்காவிடமோ வீடு இருந்தது, உறுதி இல்லை.

அந்த உறுதியை வாங்குவதற்கு வழியொன்று இருந்தது. அதற்கும் காலக்கெடு வந்துவிட்டதென்பதே அந்த இரவு அழைப்பின் காரணம்.

கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் அதையே கழிவு விலையில் வாங்கும் உரிமையை மார்கரெட் தட்சரின் அரசு 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் வழியாக நாடு தழுவியதாக்கியது. அன்றுதொட்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 இலட்சம் வீடுகள் அவ்வாறு விற்பனையாகின. ஸ்கொட்லாந்து 2016 இலும் வேல்ஸ் 2019 இலும் இந்த உரிமையை முற்றாக நீக்கின. இங்கிலாந்து நீக்கவில்லை, ஆனால் 2024 ஒக்டோபர் 30 அன்று வரவு செலவுத் திட்டத்தோடு, கழிவின் உச்சவரம்பு நவம்பர் 21 முதல் குறையுமென அறிவிப்பு வந்தது. லண்டனில் அதுவரை 136,400 பவுண் வரை இருந்த கழிவு, பெரும்பாலான பகுதிகளில் 16,000 பவுணாகச் சுருங்கும். முடிவெடுக்க மூன்று வாரங்களே இருந்தன.

அக்காவின் வீட்டுக்குச் சந்தை விலை சுமார் 320,000 பவுண் என மருமகன் கணித்திருந்தான். நவம்பர் 21 க்கு முன் விண்ணப்பித்தால் 183,600. பின் என்றால் 304,000. கழிவு, குடியிருந்த ஆண்டுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதில் ஒரு விதி என்னை நிறுத்திவைத்தது: கணவன் இறக்கும்வரை கூடி வாழ்ந்திருந்தால் அவன் வாடகையாளனாக இருந்த ஆண்டுகளும் மனைவியின் கணக்கில் சேரும். அத்தானின் பதினெட்டு, அக்காவின் எட்டு. தேடிய தேட்டம் என்ற சொல்லை அந்நியச் சட்டமொன்றின் உட்பிரிவில் கண்டதுபோல் இருந்தது.

அக்காவுக்கு அந்த வயதில் வங்கி கடன் தராது. மகன் தரவல்லவன். வாடகையாளரோடு ஓராண்டாவது கூட வாழும் குடும்பத்தினர் வாங்கும் உரிமையில் பங்குபெறச் சட்டம் இடமளிக்கிறது. எல்லாம் பொருந்தி வந்தது. அக்காவின் மனந்தான் பொருந்தவில்லை.

ஒரு வாரம் கழிந்தும் படிவத்தில் கையொப்பமிடவில்லை என்று மருமகன் என்னிடம் முறையிட்டான். "மாமா, நீங்கள் சொன்னால் அம்மா கேட்பா."

நான் பேசினேன். உறுதியில்லாத வீட்டின் நிலை நமக்குத் தெரியாதா என்றேன். அம்மாவின் தோற்பையை நினைவூட்டினேன். இன்றும் எனக்கு அந்த வாதம் சரியென்றே படுகிறது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அந்த ஒற்றை அறையிலை இருந்து நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது எப்பிடி? எங்களுக்கு முதல் இதிலை இருந்த ஆரோ, வாங்காமல் விட்டிட்டுப் போனபடியால்தானே?"

என்னிடம் மறுமொழி இல்லை. விற்கப்பட்ட வீடுகளுக்கு ஈடாகப் புதியவை போதிய அளவில் கட்டப்படவில்லை என்பதும், விற்றவற்றுள் பல இன்று தனியார் கையில் கூடிய வாடகைக்கு விடப்படுகின்றன என்பதும், வீடற்ற குடும்பங்களை அவற்றில் தங்கவைத்து அதே சபைகள் அந்த வாடகையைக் கொடுக்கும் விந்தையும் நான் அப்போது வாசித்து அறிந்திருந்தவை. ஆனால் அக்கா எதையும் வாசிக்கவில்லை. தள்ளுவண்டியோடு நடந்த தெருக்களிலிருந்து அவர் அந்த இடத்துக்கு வந்திருந்தார். இன்னொருத்தி இப்போது அதே போல நடந்துகொண்டிருப்பாள் என்பது அவருக்குப் புள்ளிவிவரமன்று.

மறுபுறம், மகனும் பொய்யல்லன். இருபத்தெட்டு வயது. அந்த மூன்றாம் மாடியைத் தவிர வேறு வீடு அவனுக்கு நினைவில் இல்லை. தாய் இறந்த வீட்டிலேயே, துக்கம் ஆறுமுன், சாவியை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம் அவனுக்கு வரக்கூடும். நாங்கள் ஒருமுறை அப்படி வெளியேறியவர்கள். அதை இன்னொரு தலைமுறைக்கு யார்தான் கையளிப்பார்?

கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் அக்கா கையொப்பமிட்டார். விண்ணப்பங்கள் குவிந்திருந்தமையால் எல்லாம் தாமதமாயிற்று. 2025 இல் வீடு அவர்கள் இருவர் பெயருக்கும் மாறியது.

அதையும் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். வாசித்தபோதுதான் அது நாம் அறிந்த பொருளில் உறுதியன்று என்பது புலப்பட்டது. அடுக்குமாடி வீட்டில் நிலமும் கட்டடமும் கவுன்சிலுக்கே சொந்தம். வாங்கியவருக்குக் கிடைப்பது 125 ஆண்டுக் குத்தகை. கூரை திருத்தினாலும் படிக்கட்டுக்கு வண்ணம் பூசினாலும் பங்குப் பணம் கட்ட வேண்டும். விளக்கிச் சொன்னேன். "அப்ப இதுவும் வாடகைதான், கொஞ்சம் நீண்ட வாடகை" என்றார். அவருடைய குரலில் ஏமாற்றத்தைவிட ஆறுதலே மிகுந்திருந்ததாக எனக்குப் பட்டது.

பத்தாண்டுகளுக்குள் விற்பதானால் முதலில் பழைய உரிமையாளரான சபைக்கே விலை சொல்ல வேண்டுமென்பது சட்டம். அக்காவுக்கு அந்தப் பத்து ஆண்டு போதவில்லை. ஒரு கொப்பித் தாளில் மகனுக்குத் தமிழில் எழுதினார்: எப்போது விற்பதென்றாலும், எத்தனை ஆண்டு கழிந்தாலும், முதலில் கவுன்சிலைக் கேட்க வேண்டும்; அவர்கள் வேண்டாமென்றால் மட்டும் வேறு ஆளிடம் போக வேண்டும். சட்டத்தின் முன் அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை. மகனுக்கோ தமிழ் வாசிக்க வராது. அம்மா வாசித்துக் காட்டி, அவன் தலையசைத்தானாம்.

அத்தாளை எனக்கும் அனுப்பி, பிழை இருந்தால் திருத்தச் சொன்னார். ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருந்தது. அதை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

முதல் நாள் அவர் கேட்ட சொல்லுக்கு நான் இன்னும் தமிழ் கண்டுபிடிக்கவில்லை.