கூட்டுவதற்கு முன் கழிக்க வேண்டும்

புணேயிலிருந்து லோணாவளா செல்லும் புறநகர் ரயில், கட்கியைக் கடந்து முளா ஆற்றைத் தாண்டியதும் வரும் நிலையம் தாபோடி. பழைய மாதிரி ரயில் எஞ்சினைத் திருத்தி நேர்த்தியாக்க விரும்புபவர், கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் இதுபோன்ற ஒரு நடைமேடையில் நின்று உண்மையான எஞ்சின்களின் கூரையைப் பார்க்க வேண்டும் என்பேன். 1930 ஜூன் 1-இல் டெக்கான் குயீன் ஓடத் தொடங்கியபோது இத்தடத்தில் 1500 வோல்ட் நேர்மின்னோட்டம் இருந்தது. இன்று இருப்பது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம். 3,000 கிலோவாட் திறனை 1500 வோல்ட்டில் எடுக்க 2,000 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டில் ஏறத்தாழ 120 ஆம்பியர் போதும். அதனால்தான் அன்றைய மேல்கம்பி தடித்தது, இன்சுலேட்டர் சிறியது. இன்றைய கம்பி மெல்லியது, இன்சுலேட்டர் பெரியது. இரு முறையிலும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட டபிள்யூ.சி.ஏ.எம்-3 வகை எஞ்சினில் ஒவ்வொரு மின்முறைக்கும், மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூரையிலிருந்து உயரும் தனி பேண்டோகிராஃப் உண்டு. அதன் மாதிரியைச் செய்பவர் எந்தக் காலத்தை, எந்தத் தடத்தைக் காட்டுகிறோம் என்று முடிவு செய்யாமல் அந்த இரண்டில் எதை உயர்த்துவது என்றுகூடத் தீர்மானிக்க முடியாது.

இங்கிருந்துதான் என் வாதம் பிறக்கிறது. மாதிரி எஞ்சினை மேம்படுத்துவது மேலும் மேலும் உதிரிகளை ஒட்டுவது என்று பலர் கருதுகிறார்கள். அது முதலில் கழித்தல், பிறகுதான் கூட்டல். பழைய பிளாஸ்டிக் மாதிரிகளில் கைப்பிடிக் கம்பி உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அது ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், 87-இல் ஒரு பங்கு என்னும் அளவுக்கணக்கில் உண்மை எஞ்சினில் 87 மி.மீ. ஆகிவிடும், எந்த ஓட்டுநரின் கையும் அதைச் சுற்றிப் பிடிக்காது. கத்தியால் அதைச் சீவி எடுத்து, நுண்துளையிட்டு, 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியைப் பொருத்தினால் ஏறத்தாழ 35 மி.மீ. கிடைக்கும், அது கைக்கு அடங்கும் அளவு. பழைய சக்கரங்களிலும் இதே சிக்கல்தான். 1.5 மி.மீ. ஆழமுள்ள சக்கர விளிம்பு 130 மி.மீ.க்குச் சமம், உண்மையில் அது சுமார் 30 மி.மீ.தான். எனவே ஆழம் குறைந்த விளிம்புள்ள சக்கரங்களைப் பொருத்துவது ஓட்டத்துக்கும் தோற்றத்துக்கும் ஒருசேர உதவுகிறது. உள்ளே, பழைய மோட்டாரின் ஒரு கார்பன் பிரஷ் பெரும்பாலும் அடிச்சட்டத்தோடு மின்தொடர்பில் இருக்கும். தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் டிஜிட்டல் டிகோடரை வைக்குமுன் அந்தத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும், இல்லையேல் டிகோடர் கருகும். இங்கும் நீக்குவதே முதல் வேலை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வழக்கமான மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ.; 87-ஆல் பெருக்கினால் உலகத் தர அகலமான 1,435 மி.மீ. வரும். இந்திய அகலப்பாதையோ 1,676 மி.மீ.; அதற்கு 19.3 மி.மீ. தேவை. அடிப்படையே கிட்டத்தட்ட 3 மி.மீ. பிழையாக இருக்கையில் கைப்பிடிக் கம்பியில் நேர்மை எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் தண்டவாள அகலம் எஞ்சின் ஓடவேண்டிய தடத்தோடு சேர்ந்து வரும் கட்டாயம். பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரங்களைத் தாங்கும் போகிச் சட்டம் அந்தக் குறையைப் பெருமளவு மறைக்கவும் செய்கிறது. கைப்பிடியோ, இன்சுலேட்டரோ நம் கையில் இருப்பவை. தவிர்க்க முடியாத பிழையைக் காட்டித் தவிர்க்கக்கூடிய பிழையை மன்னிக்க இயலாது. மூன்றடி தூரத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அந்தத் தூரத்தில் கண் உதிரியைப் பார்ப்பதில்லை, நிழலைப் பார்க்கிறது. வார்த்த கைப்பிடி உடலோடு ஒட்டிக் கிடப்பதால் அதற்கென்று தனி நிழல் விழாது. தனித்து நிற்கும் கம்பிக்கு விழும்.

பழைய மாதிரியே ஓர் ஆவணம்தானே, அதில் கை வைக்கலாமா என்ற மூன்றாம் கேள்வியை நான் மதிக்கிறேன். அரிதான, பெட்டியோடு முழுமையாக இருக்கும் மாதிரியைத் தொடக் கூடாது. உடைந்ததும், ஏராளமாகக் கிடைப்பதுமே திருத்தத்துக்கு உரியவை. கழற்றிய பகுதிகளையும் பாதுகாக்க வேண்டும்.

இந்தக் கைத்தொழிலுக்குப் புணேயில் ஊன்றிய மரபு உண்டு. பி. எஸ். ஜோஷி உருவாக்கி 1998-இல் கோத்ரூடில் திறக்கப்பட்ட மினியேச்சர் ரயில் காட்சியகம், ஒரு சிறு நகரத்தையே அமைத்து அதில் ரயில்களை ஓடவிடுகிறது. இத்தகைய வேலை செய்யும் கைகளுக்கு இப்போது அவசரமான பொறுப்பு ஒன்று இருக்கிறது. மும்பைப் புறநகர்த் தடங்களிலும் 2016-இல் நேர்மின்னோட்டம் முடிவுக்கு வந்துவிட்டதால், இரட்டை மின்முறை எஞ்சின்களுக்கான தேவையே இல்லாமல் போனது. அவற்றின் கூரை அமைப்பு, பிரேக் தூசி படிந்த போகியின் பழுப்பு, கூரையில் படியும் கருமை ஆகியவற்றை இனி நேரில் சரிபார்ப்பது கடினமாகிக்கொண்டே போகும். ஆகவே திருத்திய ஒவ்வொரு எஞ்சினின் அடிச்சட்டத்திலும் அது எந்த எண்ணுள்ள எஞ்சின், எந்த ஆண்டின் தோற்றம், எந்தப் படத்தை ஆதாரமாகக் கொண்டது என்று எழுதி வைக்க வேண்டும். அந்த மூன்றும் இருந்தால்தான் அடுத்தவர் அந்த வேலையைச் சோதிக்கவும், தவறிருந்தால் திருத்தவும் முடியும்.