நடவுக் கை

காவிரி பாயும் தஞ்சை வயல்களில் நாற்று நடும் பெண்ணின் கையை உற்று நோக்குங்கள். முடியிலிருந்து சில நாற்றுகளைப் பிரித்து, விரல் நுனியால் சேற்றில் ஊன்றி, அடுத்த நொடியில் அது மீள்கிறது. எளிதாய்த் தோன்றும் இச்செயலில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் யாவும் மூளையின் ஆணைக்கு இணங்கி ஒன்றாய் இயங்குகின்றன. பக்கவாதம் மூளையைத் தாக்கினால் அவ்வொற்றுமை குலைந்துவிடும்.

அதை மீட்க வேண்டுமாயின், முதலில் அசைவின் இயல்பை அறிதல் வேண்டும். 1920-களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டீன் என்னும் அறிஞர், உளியில் சுத்தியால் அடிக்கும் தொழிலாளரின் கை மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படம் பிடித்தார். அடி ஒரே இடத்தில் விழுந்தாலும், கை ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட வழியில் சென்றது. பயிற்சி என்பது அசைவை மனப்பாடம் செய்வதன்று. குறியை அடையும் வழியை மீண்டும் மீண்டும் தேடுவதே என அவர் உணர்ந்தார்.

நம் தமிழகத்திலும் இத்துறை வளர்ந்துள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து ‘புளூட்டோ’ என்னும் கைப்பயிற்சிக் கருவியை உருவாக்கியுள்ளன. நோயாளி தம்மால் இயன்றவரை மணிக்கட்டையும் விரல்களையும் அசைக்க, எஞ்சியதற்கு அது துணை நிற்கும். அசைவையும் அளந்து காட்டும்.

நேற்றினும் இன்று சிறிதளவே கூடுதலாகத் திரும்பிய கையின் முன்னேற்றம் கண்ணுக்குப் புலப்படாது. அதனால் மனம் சோர்ந்து பயிற்சியைக் கைவிடுவோர் உளர். அவர்க்கு அளவு காட்டும் எண் ஊக்கம் தரும். ஆயினும் அளப்பதே கருவியின் வேலை, முயல்வது மனிதன். நட்ட நாற்று ஒரே நாளில் கதிர் ஈனாது என்பதை உழவர் அறிவர். நாள்தோறும் பயிற்சி செய்யும் கைக்கும் அதுவே பாடம்.