கைமணி

காயல்பட்டினம் என்றதும் பள்ளிவாசல்களும் ஒடுங்கிய தெருக்களும்தான் நினைவுக்கு வரும். அதே நகராட்சி எல்லைக்குள், கடலோரமாக, கொம்புத்துறை இருக்கிறது. கடையக்குடி என்றும் சொல்வார்கள். பரதவர் குடியிருப்பு; ஊர்க்கோவில் முடியப்பருக்கு உரியது. ஸ்தேவான் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் மகுடம் என்று பொருள். அதை முடியப்பர் என்று தமிழாக்கியவர் யாராக இருந்தாலும் இருபுறத்து மொழியும் அறிந்தவர்.

இந்த ஊரில் புனித பிரான்சிஸ் சவேரியார் பூசை வைக்கப் போகும் நேரத்தில், கிணற்றில் விழுந்து இறந்த சிறுவனைத் தூக்கிவந்தார்களாம். அவர் செபித்ததும் பையன் எழுந்தானாம். கடற்கரை ஊர்களில் இன்றும் சொல்லப்படும் மரபு இது. நம்புவதும் நம்பாததும் அவரவர் மனம். ஆனால் கதையின் நடுவில் இருப்பது ஒரு பிள்ளை. முத்துக்குளித்துறை எனப்பட்ட இந்தக் கடற்கரையில் கத்தோலிக்க விசுவாசம் வேர்விட்ட கதை முழுவதிலும் அப்படித்தான்.

பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். செபம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. 1542இல் வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் தம் மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள மந்திரம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மணிச்சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை பாடம். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் அவரே விவரித்திருக்கிறார்.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தி உண்டு. கற்றதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டார். நோயாளிகளின் வீடுகளுக்கெல்லாம் தாம் ஒருவரே போக முடியாதபோது அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார். பத்து வயதுப் பையன் ஒரு குடிசைக்குள் நுழைந்து, படுத்திருக்கும் பெரியவர் பக்கத்தில் நின்று பிரமாணம் சொல்ல, வீடே சேர்ந்து சொல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். பெரியவர் சொல்லப் பிள்ளை கேட்பதுதான் உலக வழக்கம். இங்கே அது மாறியது.

சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களும் தேவைப்பட்டார்கள். கணக்கப்பிள்ளை என்று கடற்கரையில் அவர்களுக்குப் பெயர். அவர்களின் சம்பளத்துக்குச் சவேரியார் கண்ட வழி அழகானது. போர்த்துகல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. பரலோகம் ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்று எழுதி, அந்தப் பணத்தை ஆசிரியர்களுக்குக் கேட்டு வாங்கினார்.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம், செபங்களும் அடிப்படைப் போதனைகளும். மறுவருடம் கொச்சியில் வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியர் கேட்க மாணவர் பதில் சொல்லும் ஞானோபதேசம். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர்கள். தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சேறியது ஒரு பாடப்புத்தகத்துக்காக என்பதை இந்தக் கடற்கரை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று அந்தக் கைமணி ஒலித்த கடற்கரையில் இன்று 'ஆர்.சி.' என்ற இரண்டெழுத்தைப் பெயரில் சுமந்த தொடக்கப்பள்ளிகளைக் காணலாம். பெரும்பாலும் கோவிலும் பள்ளியும் ஒரே வளாகம். காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள். கூடவே ஒரு செபம், ஒரு பாட்டு. பள்ளி திறக்கும் ஜூன், திரு இருதய மாதம். ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா திருநாள்; மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர தினமும். 'கொடியேற்றம்' என்றால் இங்குள்ள ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு கொடி தெரியும். செப்டம்பர் 14 மணப்பாட்டுத் திருச்சிலுவை, அக்டோபர் முழுக்கச் செபமாலை, டிசம்பர் 3 சவேரியார் திருநாள்.

பிறகு கிறிஸ்துமஸ். அரையாண்டுத் தேர்வு ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் குடில் எழும். குடிலுக்கு வைக்கோல் எங்கிருந்தாவது வந்துவிடும். கடலோரத்தில் மணலுக்குக் குறைவில்லை. வெள்ளை வேட்டியில் சூசையப்பர், நீலச் சேலைத் தலைப்பை முக்காடிட்ட மாதா, ஜரிகை ஒட்டிய அட்டைச் சிறகோடு சம்மனசுகள். மாதா வேஷம் கிடைக்காத பெண்பிள்ளையின் அழுகையை டீச்சர்தான் ஆற்ற வேண்டும். ஞானோபதேசத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் இடையனாக நின்றவர் ஐம்பது வயதிலும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். விசுவாசம் பிள்ளைக்குள் போகும் வழி பெரும்பாலும் இதுதான்: கை பிசுபிசுக்கும் பசை, தொண்டை வலிக்கும் ஒத்திகை, கடைசியில் கிடைக்கும் ஒரு துண்டு கேக்.

வகுப்பில் இருக்கும் எல்லாரும் கத்தோலிக்கர் இல்லை. காயல்பட்டினத்தைச் சுற்றிய நாட்டில் அது இயல்பு. அதிகாலையில் மத்ரசாவில் ஓதிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும், திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டையடித்த தலையோடு வரும் பிள்ளைக்கும் அதே பெஞ்சில்தான் இடம். ஞானோபதேச நேரத்தில் இவர்களுக்கு நீதிபோதனை வகுப்பு நடத்துவது பழைய ஏற்பாடு. அதன் பின்னே அரசியல் சட்டமும் நிற்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மதப்போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. சட்டம் சொல்கிறதே என்பதற்காக மட்டும் இதைக் காத்தால் போதாது. கைகூப்பாமல் அமைதியாக நிற்கும் பிள்ளையை டீச்சர் எந்த முகத்தோடு பார்க்கிறார் என்பதில்தான் அந்தப் பள்ளியின் வேதம் தெரியும். குடிலுக்கு நட்சத்திரம் ஒட்ட அந்தப் பிள்ளையும் ஆசைப்பட்டு வந்தால் தடுக்காதிருப்பதும் அதில் சேர்த்தி.

2023 டிசம்பரில் குடில் கட்டும் நாட்களில்தான் மழை கொட்டியது. 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியது ஒரு நாளில். தாமிரபரணி கரையை மீறியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டார்கள். பல ஊர்கள் தண்ணீருக்குள் நின்ற அந்த வாரத்தின் முடிவில் கிறிஸ்துமஸ் வந்தது. மறுநாள், திருச்சபை நாட்காட்டியின்படி, முடியப்பர் நாள்.

சவேரியார் காலத்துச் செய்தி ஒன்று பாக்கி. அவர் முதலில் எழுதிவாங்கிய தமிழில் பிரமாணம் 'விசுவாசம் வேணும்' என்ற பொருளில் அமைந்திருந்தது. பிள்ளைகள் அதையே மாதக்கணக்கில் பாடினார்கள். பிழை தெரியவந்ததும், 'வேணும்' என்றால் ஆசைப்படுவதல்லவா, இனி 'விசுவசிக்கிறேன்' என்று சொல்லச் செய்யுங்கள் என 1544இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதித் திருத்தினார். கடற்கரைப் பிள்ளைகளும் அன்றிலிருந்து மாற்றிச் சொல்லக் கற்றார்கள்.