சிம்ப்ஸன்ஸும் அண்ணனின் ஹார்ட் டிஸ்க்கும்

"'தி சிம்ப்ஸன்ஸ்' இன்னுமா ஓடுது?" என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். ஓடுகிறது ஐயா, ஓடுகிறது. 1989 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் ஒரு கிறிஸ்துமஸ் கதையோடு ஆரம்பித்த கார்ட்டூன் தொடர் அது. 750 எபிசோடுகளைத் தாண்டியாகிவிட்டது. போதாதென்று 2025 ஏப்ரலில் இன்னும் நாலு சீசனுக்கு, அதாவது 40-வது சீசன் வரை, அறிவித்துவிட்டார்கள். இத்தனை வருஷத்திலும் அந்த வீட்டுப் பையன் பார்ட்டுக்கு வயசு பத்துதான். நான் முதலில் பார்த்தபோது எனக்கும் பத்து. இப்போது எனக்கு மட்டும் எம்.எஸ்ஸி. பரீட்சை வருகிறது.

எனக்கு சிம்ப்ஸன்ஸ் அறிமுகமானது டிவியில் இல்லை. பெரியம்மா மகன் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் இருந்தான். செமஸ்டர் லீவுக்கு வரும்போது அழுக்குத் துணி மூட்டையோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வரும். அதில் 'தெர்மோடைனமிக்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் (பெரியப்பா திறந்து பார்த்தால் என்னாவது!) மூன்றாவது சீசனில் இருந்து ஆறாவது வரை இருந்தது. அதுவும் முழுசாக இல்லை, சிலது பாதியிலேயே உறைந்து நிற்கும். வேறு கதி கிடையாது. இருந்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தோம். எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். அண்ணன் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி, "இங்க பார்றா" என்பான்.

அப்படி நிறுத்திப் பார்த்த ஒன்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. பழைய டைட்டிலில், கடை கவுன்டரில் கைக்குழந்தை மேகியையும் சாமானோடு சாமானாக பில் மெஷினில் ஓட்டிவிடுவார்கள். கண் இமைப்பதற்குள் ஒரு தொகை வந்து போகும். 847.63 டாலர். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு குழந்தைக்கு மாசம் ஆகும் செலவாம் அது! வீட்டில் வி.சி.ஆர். வைத்து, பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தேதான் கடை போர்டிலும் செய்தித்தாள் தலைப்பிலும் ஜோக்கை ஒளித்து வைத்தார்கள். திரும்பப் பார்ப்பவனுக்கான கூலி.

இப்போது ஸ்ட்ரீமிங்கில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. எதைப் பார்ப்பது என்று தேடி முடிப்பதற்குள் மெஸ் சாப்பாடு ஆறிவிடுகிறது. இன்னொரு கொடுமை, டைட்டில் வந்தாலே கை தானாகத் தாண்டிவிடுகிறது. தாண்டக்கூடாத டைட்டில் அது. பார்ட் கரும்பலகையில் எழுதும் வாக்கியம் மாறும். கடைசியில் குடும்பமே அடித்துப் பிடித்து ஓடிவந்து சோபாவில் விழும் விதமும் மாறும். எதற்கு ஓடி வருகிறார்கள்? டிவி பார்க்க! அப்படி ஓடி வந்து உட்கார இன்று எந்த வீட்டில் அவசரம் இருக்கிறது? எங்கள் வீட்டில் நாலு பேருக்கு நாலு போன்.

2019 நவம்பரில் அமெரிக்காவில் டிஸ்னி பிளஸ் ஆரம்பித்தபோது பழைய எபிசோடுகளை அகலத் திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டிப் போட்டார்கள். நாலாவது சீசனில் டஃப் பீர் ஆலை வரும். டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தொட்டி. மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாய்! வெட்டியதில் குழாய் போச்சு, கூடவே ஜோக்கும் போச்சு. ரசிகர்கள் கத்திய பிறகு 2020 மே மாதம்தான் பழைய சதுர வடிவத்திலும் பார்க்க வழி செய்தார்கள். அண்ணனின் மங்கலான ஃபைலில் அந்தக் குழாய் அத்தனை நாளும் பத்திரமாகத்தான் இருந்தது :)

ஆனால் 1991-ல் வந்த மூன்றாவது சீசனின் முதல் எபிசோடு திரும்பவில்லை. மைக்கேல் ஜாக்ஸன் வேறு பெயரில் குரல் கொடுத்தது அது. அவர் மீதான பாலியல் குற்றச்சாட்டுகளைப் பற்றிய 'லீவிங் நெவர்லேண்ட்' ஆவணப்படம் 2019-ல் வந்ததும் தயாரிப்பாளர்களே அதை விலக்கிக்கொண்டார்கள். ஏன் செய்தார்கள் என்பது புரிகிறது. அந்த ஆவணப்படத்தைப் பார்த்த பிறகு எனக்கும் அந்த எபிசோடில் பழைய மாதிரி சிரிப்பு வரவில்லை. ஆனாலும், நான் பார்ப்பதும் பார்க்காததும் என் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. டிவிடி வாங்கி வைத்தவன் வீட்டுக்கு வந்து யாரும் பிடுங்கிப் போகவில்லை. மாசச் சந்தா கட்டுகிறவனிடம் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை, ஒருநாள் பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான்.

அண்ணன் இப்போது டொரான்டோவில் இருக்கிறான். எப்போதாவது சிம்ப்ஸன்ஸ் துண்டு வீடியோ அனுப்புவான். முப்பது செகண்ட், நெட்டுவாக்கில் வெட்டியது, கீழ்ப்பாதியில் சம்பந்தமே இல்லாமல் ஏதோ ஒரு கார் கேம் ஓடிக்கொண்டிருக்கும். நானும் ஒரு சிரிப்பு பொம்மையைத் தட்டிவிடுவேன்.

ஹார்ட் டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. செருகினால் டிக் டிக் என்று பல்லி மாதிரி சத்தம் போடுகிறது. போன வாரம் பயந்துபோய் லேப்டாப்பில் காப்பி செய்ய ஆரம்பித்தேன். முதலில் எடுத்தது அந்த ஜாக்ஸன் எபிசோடைத்தான். 71 சதவீதத்தில் நின்றுவிட்டது. பிடுங்கி, ஆறவிட்டு, மறுபடி செருகியதும் வந்துவிட்டது. இன்னும் எழுபது சொச்சம் பாக்கி.