புதுக்கோட்டையில் ஒரு ஏற்காட்டுக்காரி

புதுக்கோட்டையில் ஆர்க்கிட் வளர்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "ஏன் சார், வெயில் தலைக்கேறிடுச்சா?" என்பார்கள். நியாயம்தான். திரும்பின பக்கமெல்லாம் பாறை. சித்தன்னவாசல் தாமரைக் குளம்கூடக் குகைக் கூரையில் ஓவியமாகத்தான் இருக்கிறது!

கீழ ராஜ வீதி நண்பர் அசரவில்லை. ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிட் பூங்காவைப் பார்த்த ஜோரில், நர்சரியில் ஒரு ஃபெலனாப்சிஸ் வாங்கி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஈரக்காற்று. இங்கே சித்திரையில் துவைத்த வேட்டி அரை மணியில் அப்பளம்!

வாடுகிறதே என்று குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகிவிடும். மரத்தில் தொற்றி வாழும் ஜாதி சார் அது. ஈரம் காற்றில் இருக்க வேண்டும். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை. நனைந்தால் பச்சை, காய்ந்தால் வெள்ளி. வெள்ளி தெரிந்தால்தான் தண்ணீர், அதுவும் காலையில். சாயந்திரம் ஊற்றிக் குருத்தில் தேங்கினால் போச்சு.

தட்டில் கூழாங்கல், கல் முங்காத தண்ணீர், மேலே தொட்டி. பக்கத்தில் குடிதண்ணீர்ப் பானை. கசிகிற ஈரம் இலவசம். ஃபேன் காற்று படாத மூலை. "செடிக்காக நாங்க வேகணுமா?" என்று வீட்டில் தினம் பட்டிமன்றம்.

போன வாரம் போயிருந்தேன். புது வேர் ஒன்று பானைப் பக்கமாக நீண்டிருந்தது. அதைக் காட்டத்தான் மனுஷர் கூப்பிட்டிருக்கிறார். காபி அப்புறம்தான் வந்தது.