குறை சொல்லத் தெரியாத ஊர்

வெளிநாட்டுக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பத்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் ஒரு ரகம். அவரைக் கேட்டால், "ஆஹா, என்ன சுத்தம்! என்ன ஒழுங்கு!" என்று மூச்சு விடாமல் புகழ்வார். அங்கேயே வீடு பிடித்து, பால் வாங்கி, குப்பை கொட்டிக் குடித்தனம் செய்கிறவர் இன்னொரு ரகம். "அதை ஏன் ஸார் கேட்கிறீர்கள்!" என்று அவர் ஆரம்பித்தாரோ இல்லையோ, அரிசியில் தொடங்கி வீட்டுச் சொந்தக்காரர் வரையில் ஒரு பெரிய புராணமே வந்துவிடும்.

ஓர் ஊரைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த இரண்டாவது ரகத்தைத்தான் தேடிப் போக வேண்டும் என்பது என் கட்சி. ஆகவே டோக்கியோவுக்குப் போன நான், கோபுரங்களையும் கோயில்களையும் ஒரு நாளில் முடித்துக்கொண்டு, நிஷிகசாய்க்கு ரயில் ஏறினேன்.

நிஷிகசாய், டோக்கியோவின் கிழக்குக் கோடியில் எடோகாவா வட்டாரத்தில் இருக்கிறது. அங்கே போகும் டோசாய் ரயிலுக்குப் பெயர்தான் சுரங்க ரயில். அராகாவா நதியைத் தாண்டும்போது அது பூமிக்கு மேலே வந்து, பாலத்தின் மீது ஜம்மென்று ஓடுகிறது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று ஒரு பயம் இருந்ததல்லவா? அதைச் சரி செய்ய வந்த நம் நாட்டு எஞ்சினீயர்கள் பலர், அலுவலகத்துக்கு நேர் ரயில் இருக்கிறது என்று இந்தப் பேட்டையில் குடியேறினார்கள். பயம் போய்விட்டது, எஞ்சினீயர்கள் போகவில்லை. இன்று அந்த வட்டாரத்தில் இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். துவரம் பருப்பும் பெருங்காயமும் விற்கிற கடைகளும் இருக்கின்றன.

அங்கே என் நண்பர் ஒருவர் வீட்டில் இறங்கினேன். நண்பர், அவர் மனைவி, 6 வயதுப் பையன், இவர்களோடு மூன்று மாதத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த நண்பரின் தாயார். நான் தேடிப் போன பொக்கிஷம் அந்த மாமிதான்!

மீன் இல்லாத மீன் குழம்பு

"ஏண்டாப்பா, இந்த ஊரிலே வெறும் தண்ணியைத் தவிர எதிலேயும் மீன் இருக்குமாமே?" என்று மாமி ஆரம்பித்தார்.

மாமி சொன்னதில் மிகை கொஞ்சம்தான். ஜப்பானியச் சமையலுக்கு அஸ்திவாரம் 'தாஷி' என்ற சாறு. கட்சுவோ என்ற மீனை வேக வைத்து, புகை போட்டு, மரக்கட்டை மாதிரி ஆகும் வரையில் உலர்த்தி, சீவல் சீவலாகச் சீவிக் கொதிநீரில் போட்டு இறக்கி வடிகட்டுகிறார்கள். நம் தென்கரையில் மாசிக் கருவாடு என்கிறோமே, அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி. சூப், நூடுல், கீரை மசியல் எல்லாவற்றுக்கும் அந்தச் சாறுதான். பார்வைக்கு மீனே இருக்காது. "இதில் மாமிசம் இல்லை" என்று கடைக்காரர் தலை குனிந்து சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் மீன் மாமிசத்தில் சேர்த்தி இல்லை!

புத்த மடங்களில் மட்டும் வேறு முறை. அங்கே கடல்பாசியையும் காளானையும் ஊற வைத்துச் சாறு எடுக்கிறார்கள். நண்பர் மனைவி அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்கிறார்.

அவருக்கும் ஒரு குறை உண்டு. இங்கே விற்கும் காஸ் அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் மீன் சுடுவதற்கென்றே அடியில் ஓர் இழுப்பறை வைத்திருக்கிறார்கள். "சைவச் சமையலுக்கு இது எதற்கு அண்ணா? ஒரு வருஷம் அதைத் திறக்கவே இல்லை" என்றார். பிறகு ஒரு நாள் கத்தரிக்காயை உள்ளே வைத்துப் பார்த்தாராம். தோல் கருகி, சதை குழைந்து, கொத்சுக்கு அப்படி ஒரு வாசனை! அப்புறம் விசாரித்ததில், ஜப்பானியப் பெண்களும் அதே இழுப்பறையில்தான் கத்தரிக்காய் சுடுகிறார்கள் என்று தெரிந்ததாம். இப்போது அந்த வீட்டில் அதற்குப் பெயர் 'கொத்சு டிராயர்'.

ஒட்டும் சாதம், ஒட்டாத சாதம்

அடுத்த குறை அரிசி. ஜப்பானிய அரிசி குட்டை. வடித்தால் பசை போல ஒட்டிக்கொள்ளும். குச்சியால் எடுத்துச் சாப்பிட அதுதான் சௌகரியம். ஆனால் ரசம் விட்டால்? "உருண்டை உருண்டையாய் மிதக்கிறது. பிசையவா, பந்து விளையாடவா?" என்று கேட்டார் மாமி. நம் அரிசி இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. விலையைக் கேட்டால் பசி பறந்துவிடும்.

மாமிக்கு ஆறுதலாக நான் ஒரு கதை சொன்னேன். 1993-ஆம் ஆண்டில் ஜப்பானில் கோடைக் காலம் வெயிலே இல்லாமல் குளிர்ந்து போயிற்று. நெல் விளைச்சல் வழக்கத்தைவிடக் கால் பங்கு குறைந்தது. அரிசிக் கடைகளில் நீண்ட வரிசை. வெளி அரிசியை உள்ளே விடாமல் காத்து வந்த சர்க்கார் வேறு வழி இல்லாமல் தாய்லாந்து, சீனா, அமெரிக்கா என்று பல தேசங்களிலிருந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் தருவித்தது. தாய்லாந்திலிருந்து வந்தது நம்முடையதைப் போல நீள அரிசி. ஜப்பானியக் குடும்பங்கள் அதைத் தம் முறையிலேயே சமைத்துவிட்டு என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஒட்டவே இல்லை! உதிர்ந்து உதிர்ந்து போகிறது! ஏதோ வாசனை அடிக்கிறது!"

மாமி வாய்விட்டுச் சிரித்தார். "அவாளும் நம்மைப் போலத்தானா? நான் என்னமோ இந்த ஊர்க்காராளுக்குக் குறை சொல்லவே தெரியாதுன்னு நினைச்சேன்!"

பையனின் டிபன் டப்பா

சிரிக்க முடியாத குறையும் ஒன்று உண்டு. ஆரம்பப் பள்ளியில் மத்தியான்னச் சாப்பாடு பள்ளிக்கூடமே போடுகிறது. பிள்ளைகளே வெள்ளைக் குல்லாயும் மேலங்கியும் போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் பரிமாறி, வகுப்பிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. நண்பரின் பையன் மட்டும் வீட்டிலிருந்து டப்பா எடுத்துப் போகிறான். முதல் மாதம் ஒரு நாள் வந்து, "நான் மட்டும் ஏன் வேறே?" என்று கேட்டானாம்.

"என்ன பதில் சொல்றது அண்ணா?" என்றார் நண்பர் மனைவி. "பள்ளிக்கூடத்திலிருந்து மாதா மாதம் சாப்பாட்டு அட்டவணை வருகிறது. அதைப் பார்த்து, அவர்கள் நூடுல் போட்டால் நானும் நூடுல், அவர்கள் சூப் போட்டால் நானும் சூப். உள்ளே இருப்பது வேறே, பார்வைக்கு ஒன்று. காலையில் 5 மணிக்கு எழுந்திருக்கிறேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நான்தான் அதை அந்தக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பையனுக்குக் கொண்டாட்டமான நாள் 'கரே' போடும் நாள். கரே என்றால் வேறொன்றும் இல்லை, நம்முடைய 'கறி'தான்! தமிழ்ச் சொல்லை வெள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய், மெய்ஜி அரசர் காலத்தில் ஜப்பானுக்குக் கொண்டு சேர்த்தார்கள். கோதுமை மாவு போட்டுக் கெட்டியாக்கின, காரமில்லாத குழம்பு. ஜப்பானியக் குழந்தைகளுக்கு அதன் மீது உயிர்.

ஒரு மனிதர் சொன்ன குறை

அந்தக் கரேயைச் சாப்பிட்டுவிட்டு, "இதுவா கறி?" என்று குறைப்பட்ட இந்தியர் ஒருவர் இருந்தார். அவர் ராஷ் பிஹாரி போஸ்.

1912-ல் டில்லியில் ஹார்டிஞ்ச் பிரபுவின் மீது வெடிகுண்டு வீசிய வழக்கில் வெள்ளைக்கார சர்க்கார் தேடிய புரட்சிக்காரர். தாகூரின் உறவினர் என்று வேறு பெயர் வைத்துக்கொண்டு 1915-ல் ஜப்பானுக்குக் கப்பலேறினார். பிரிட்டன் வற்புறுத்தவே, ஜப்பான் அரசாங்கம் அவரை நாட்டை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு போட்டது. அப்போது ஷின்ஜுகுவில் 'நகமுராயா' என்ற ரொட்டிக் கடை நடத்திய சோமா தம்பதிகள் அவரைத் தங்கள் கடைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். சோமாவின் மனைவி கொக்கோ இங்கிலீஷ் படித்தவர். வந்தவரோடு பேசி, வேண்டியதை விசாரித்துக்கொள்ள அவரால் முடிந்தது. 1918-ல் அவர்கள் பெண் தோஷிகோ, எந்த நேரமும் ஆபத்து சூழ்ந்திருந்த அந்த மனிதரை மணந்துகொண்டாள். இரண்டு குழந்தைகள். 1925-ல் தோஷிகோ காலமானாள்.

1927-ல் ரொட்டிக் கடையோடு ஒரு போஜன சாலையும் திறந்தபோது, நிஜமான இந்தியக் கறி எப்படி இருக்கும் என்று போஸ் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார். மாவு போடாமல், மசாலாவை வறுத்து, கோழியை எலும்போடு போட்டுச் செய்த கறி. மற்றக் கடைகளில் 10, 12 சென்னுக்குக் கரே விற்ற காலம். இங்கே 80 சென்! அப்படியும் ஜனங்கள் வந்தார்கள். இன்றும் ஷின்ஜுகுவில் நகமுராயா இருக்கிறது. அந்தக் கறியும் இருக்கிறது.

போஸ் ஊர் திரும்பவே இல்லை. 1945 ஜனவரியில், சுதந்திரத்தைப் பார்க்காமலே டோக்கியோவில் கண்ணை மூடினார். நாட்டுக்காகச் செய்ததெல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. நாக்குக்காகப் பட்ட குறையோ டோக்கியோக்காரர்களின் தட்டில் இருக்கிறது!

குப்பையும் நிசப்தமும்

இனி மாமியிடம் திரும்புவோம். "குப்பை கொட்டறதுக்குப் பஞ்சாங்கம் பார்க்கணும்" என்கிறார் மாமி. எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, எரியாததற்கு ஒரு கிழமை, காகிதத்துக்கும் பாட்டிலுக்கும் வேறு ஒரு கிழமை. காலை 8 மணிக்குள் வைத்துவிட்டு, காக்கை கிளறாமல் வலை போட்டு மூட வேண்டும். அப்பளம் பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் விடக் கூடாது. சூடாக இருக்கும்போதே ஒரு பொடியைக் கலந்தால், ஆறினதும் அல்வா மாதிரி கட்டியாகிவிடும். அதை எடுத்துக் குப்பையில் போட வேண்டும். அந்தப் பொடியே ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுப்பதுதான் என்றேன். "நம்ம விளக்கெண்ணெயா! அது போகாத இடம் ஏது!" என்றார் மாமி.

நண்பருடைய குறை வேறு. வீடு வாடகைக்கு எடுக்கும்போது முன்பணம் போக, 'நன்றிப் பணம்' என்று ஒரு மாத வாடகை கொடுத்தாராம். வீடு கொடுத்ததற்காகச் சொந்தக்காரருக்கு வந்தனம்! அது திரும்பி வராது.

இதெல்லாம் சில்லறை. மாமியின் பெரிய குறை, நிசப்தம். "கறிகாய்க்காரன் குரல் இல்லை, ஹாரன் இல்லை, ரயிலிலே ஒருத்தர் பேசறதில்லை. அடுத்த வீட்டிலே மனுஷா இருக்காளான்னே தெரியல்லே. எதைக் கொடுத்தாலும் 'ஓய்ஷீ, ஓய்ஷீ'ங்கறா. பேஷா இருக்காம்! உப்பில்லாத பாயசத்தையும் பேஷ்ங்கறா, உப்புக் கரிக்கிற உப்புமாவையும் பேஷ்ங்கறா. ஒரு குறை சொன்னால்தானே பேச்சு வளரும்?"

சாயங்காலம் 5 மணிக்கு மட்டும் ஓர் ஓசை உண்டு. டோக்கியோவில் பல வட்டாரங்களில், பூகம்பம் போன்ற ஆபத்தை அறிவிக்கத் தெருவில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். அது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தினமும் மாலையில் ஒரு சின்ன மெட்டு வாசிக்கிறார்கள். குழந்தைகளுக்கு அதுதான் வீடு திரும்பும் மணி. முதல் வாரம், பேரன் தனியாகத் தெருவில் நடந்து வருகிறானே என்று மாமி பால்கனியில் நின்று தவித்தாராம். இப்போது அந்த மெட்டு கேட்டதும் சுவாமி விளக்கை ஏற்றிவிடுகிறார். "அவா மணி அடிக்கிறா, நான் விளக்கேத்தறேன்."

காலிக் கிண்ணம் கொடுக்கலாமா?

நான் போவதற்கு இரண்டு வாரம் முன்பு மாமிக்கு ஜுரம் வந்ததாம். அடுத்த வீட்டு ஜப்பானிய அம்மாள், வயது எழுபதுக்கு மேல், கதவைத் தட்டி ஒரு கிண்ணத்தை நீட்டினாராம். உள்ளே அரிசிக் கஞ்சி! நடுவில், உப்பில் ஊறிய ஒரு சிவப்புப் பழம். கஞ்சிக்கு 'ஓகாயு' என்று பெயர், பழம் 'உமேபோஷி'. ஜுரக்காரர்களுக்கு அந்த ஊரிலும் அதுதான் பத்தியம். "சாட்சாத் நம்மாத்துக் கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும்! மீனும் இல்லை, மண்ணும் இல்லை" என்றார் மாமி.

கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கலாமோ? மாமி, கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி ஊறுகாய் போட்டுக் கிண்ணம் நிறையக் கொடுத்தனுப்பினார்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை அந்த அம்மாள் கிண்ணத்தோடு வந்தார். வாசலில் நின்று மூன்று தரம் குனிந்து எழுந்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளன், 6 வயதுப் பேரன்.

"பாட்டி, ரொம்ப நன்னா இருந்ததாம்."

"தெரியுமே!" என்று மாமி பெருமூச்சு விட்டார்.

"ஆனா, உப்பு ஜாஸ்தியாம். இந்த வயசிலே உடம்புக்கு ஆகாதாம். நீயும் குறைச்சுக்கணுமாம்."

மாமியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அந்த அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்துவிட்டார். "மூணு மாசத்திலே இன்னிக்குத்தாண்டாப்பா ஒருத்தி என்கிட்டே மனுஷியாப் பேசினாள்!"

இருவரும் போன பிறகு, மாமி அடுத்த ஜாடிக்கு எலுமிச்சம்பழம் நறுக்க உட்கார்ந்தார். உப்பைக் குறைத்துப் போட்டாரா என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை!

"குறைச்சா பூசணம் பூத்துடும்டா. அவளுக்கு என்ன தெரியும்?" என்றார்.