கலக்க மறுக்கும் நீர்

புதிதாக ஒரு நுண்கால்வாய்ச் சிப்பை வார்த்து முடித்ததும் அதற்குள் நாங்கள் முதலில் விடுவது சாயத் தண்ணீர்தான். ஒரு வாயில் சிவப்பு, மறுவாயில் நீலம். இரண்டும் ஒரே கால்வாயில் வந்து சேரும் இடத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் புதியவர்கள் ஏதோ கோளாறு என்றே நினைப்பார்கள். சேர்ந்த பிறகும் சிவப்பு சிவப்பாகவும் நீலம் நீலமாகவும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். நடுவே துல்லியமாக ஒரு கோடு. கோளாறு எதுவும் இல்லை, அந்த அளவில் தண்ணீரின் இயல்பே அதுதான்.

மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாய்க்குள் சாயக்கோடு விட்டுப் பார்த்தார். வேகம் கூடக்கூட ஓர் எல்லையில் கோடு உடைந்து சுழல்கள் பிறந்தன. ஓட்டத்தின் வேகம், குழாயின் அகலம், திரவத்தின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்துச் சொல்லும் எண்ணுக்கு இன்று அவர் பெயர். குழாயில் அது சுமார் 2000ஐத் தாண்டினால்தான் ஓட்டம் கலங்கத் தொடங்கும். நாங்கள் வழக்கமாக வார்க்கும் கால்வாயின் அகலம் 200 மைக்ரான், உயரம் 50 மைக்ரான். நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் விட்டால் அந்த எண் ஒன்றுக்குச் சற்று மேலேதான் வரும். அங்கே சுழல் பிறக்க வழியே இல்லை.

இந்த ஜொகூர் மண்ணில் பால்மரத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு ஒன்று சொன்னால் விளங்கும். பால் ஸ்டோரில் நீர்த்த அமிலத்தை ரப்பர் பாலில் ஊற்றி, பலகையால் நாலு தரம் கிளறினால் போதும். கை நின்ற பிறகும் பால் சுழன்றுகொண்டே மீதி வேலையை முடித்துவிடும். எங்கள் கால்வாயில் தள்ளுவதை நிறுத்திய கணமே திரவம் நின்றுவிடும். அங்கே பிசுபிசுப்புதான் ஆள்கிறது. இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1960களில் எடுத்த படத்தில், இரண்டு உருளைகளுக்கு நடுவே கிளிசரினில் வைத்த சாயப்புள்ளி உருளையைச் சுற்றச் சுற்றக் கரைந்து மறைகிறது. எதிர்ப்புறம் அதே அளவு சுற்றினால் புள்ளி பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர் எவரும் வேறெதையும் படிப்பதற்கு முன் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஆக, மிஞ்சுவது பரவல். மூலக்கூறுகள் தாமாகவே நகர்ந்து மறுபக்கம் சேர்வதுதான் கலத்தல். சாயம் 100 மைக்ரான் பரவ ஏறத்தாழ 10 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் விட்டால் அந்த 10 விநாடியில் நீர் 1.7 சென்டிமீட்டர் போயிருக்கும், சிப்புக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். நல்லாக் கலக்கட்டும் என்று பம்பை 10 மைக்ரோலிட்டருக்கு ஏற்றினால் 17 சென்டிமீட்டர் கால்வாய் வேண்டும். நாங்கள் ஒட்டும் கண்ணாடித் தகட்டின் நீளமே 7.5 சென்டிமீட்டர்தான். வேகம் கூட்டினால் கலவை கெடும். கையின் பழக்கம் இதை ஏற்க நாளாகும்.

மாணவர்கள் வரைந்து கொண்டுவரும் முதல் வடிவத்தில் வளைவுகள் நிறைந்திருக்கும். வளைந்தால் கலக்கும் என்ற நம்பிக்கை. இந்த வேகத்தில் வளைவு தருவது கூடுதல் நீளம் மட்டுமே, கோடும் வளைவோடு சேர்ந்து அப்படியே வளைந்து போகும். பரவலின் கணக்கில் நேரம் தூரத்தின் வர்க்கமாக ஏறும். அதனால் படலத்தை மெலிதாக்குவதே பலன் தரும். 100 மைக்ரான் படலத்தைப் பிரித்து 25 மைக்ரானாக அடுக்கினால் நேரம் 16இல் ஒரு பங்காகும், 10 விநாடி ஒரு விநாடிக்குக் கீழே இறங்கிவிடும். ஆய்வாளர் ஸ்ட்ரூக்கும் கூட்டாளிகளும் 2002இல் காட்டிய வழி இன்னும் அழகானது. கால்வாயின் தரையில் சமமில்லாத கைகள் கொண்ட சாய்வான பள்ளங்களை வெட்டி, சில பள்ளங்களுக்கு ஒருமுறை நீண்ட கையைப் பக்கம் மாற்றினார்கள். நீர் முன்னே போகும்போதே குறுக்காகவும் புரண்டு, இழுபட்டு மடிந்து, மடிந்து இழுபடுகிறது. இதில் வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் தேவையான நீளம் கொஞ்சம்தான் கூடும். நான் பார்த்த வடிவங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

ஜொகூரில் இந்த வேலைக்கு இடமுண்டு. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பத்து பகாட் பக்கம் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் அதன் ஷம்சுதீன் நுண்மின்னணு ஆய்வு மையமும் இருக்கின்றன. தேவையும் கண்ணெதிரே உண்டு. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். அடுத்த மாதமே ஜொகூர் ஆற்றில் அம்மோனியா ஏறி, சிங்கப்பூருக்கு நீர் எடுக்கும் சுத்திகரிப்பு நிலையம் நின்றது. இப்படிப்பட்ட சிப்பில் அம்மோனியாவை நிறத்தால் அளக்கலாம். ஆற்றுநீரோடு ஹைப்போகுளோரைட்டும் சாலிசிலேட்டும் சேர்ந்தால் பச்சையும் நீலமும் கலந்த நிறம் வரும். ஆனால் கால்வாயில் அவை முழுதாகக் கலக்காவிட்டால் நிறம் நடுக்கோட்டில் மட்டும் பூக்கும். அப்போது கருவி அம்மோனியாவைக் குறைத்துக் காட்டும். குடிநீர் விஷயத்தில் இதைவிட மோசமான பிழை கிடையாது.

அதனால்தான் அந்தக் கோட்டை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறோம். கோடு ஒரு பக்கம் ஒதுங்கினால் ஒரு வாயில் அடைப்பு, அல்லது இரண்டு திரவங்களின் பிசுபிசுப்பு வேறு. கோடு சீரான தாளத்தில் நடுங்கினால் பெரிய சிரிஞ்சை மெதுவான வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்று பொருள். மோட்டாரின் ஒவ்வோர் அடியும் அதில் தெரியும், 10 மில்லிலிட்டர் சிரிஞ்சைக் கழற்றிவிட்டு 1 மில்லிலிட்டர் போட்டால் நடுக்கம் அடங்கும். கோடு தாளமில்லாமல் அலைந்தால் எங்கோ காற்றுக்குமிழி. அது அமுங்கி விரிந்து ஓட்டத்தைக் குலைக்கும். இங்கே குமிழி வர முக்கியக் காரணம் குளிர்பெட்டி. அதிலிருந்து எடுத்த கரைசல் நம் ஊர் வெக்கையில் சூடேறும்போது கரைந்திருந்த காற்றை வெளியே விடும். கரைசலை அறைச் சூட்டுக்கு வரவிட்டு, வெற்றிடத்தில் காற்றை இழுத்த பிறகே சிரிஞ்சில் ஏற்ற வேண்டும்.

வார்ப்பிலும் நம் வானிலை கை வைக்கும். சிலிக்கோன் பசையை 10க்கு 1 என்று கெட்டியாக்கியோடு கலந்து, குமிழி போகும்வரை வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றிச் சூட்டில் இறுக்குகிறோம். பிறகு பிளாஸ்மா காட்டிக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். ஈரக்காற்றில் கிடந்த கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும், அதை முதலில் சூட்டுத்தட்டில் உலர்த்திவிட வேண்டும். பிளாஸ்மாவுக்குப் பிறகு தாமதிக்கவே கூடாது.

ஆற்றுநீருக்கு இன்னொரு தொல்லை வண்டல். சாய்வுப் பள்ளங்களில் சேறு தங்கிவிடும். இங்கேதான் நீரின் கலக்காத குணம் நமக்குக் கைகொடுக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பால் யேகர் குழுவினர் 1990களில் செய்த வடிவத்தில், அழுக்கு நீரும் சுத்த நீரும் கொஞ்ச தூரம் ஒட்டி ஓடிப் பிறகு பிரியும். சிறிய மூலக்கூறுகள் கோட்டைத் தாண்டிச் சுத்த நீருக்கு வந்துவிடும். ஒரு மைக்ரான் களிமண் துகள் அம்மோனியாவைவிடச் சில ஆயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால் தன் பக்கத்திலேயே நிற்கும். பெரிய மணலைச் சல்லடை பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒரே சிப்பில் முதல் பாதி கலக்காமல் இருக்கவும் பிற்பாதி கலக்கவும் வரைகிறோம். தாண்டி வருவது அம்மோனியாவில் ஒரு பங்குதான், அந்தப் பங்கும் ஓட்டத்தின் வேகத்தைப் பொறுத்தது. எனவே அளவு தெரிந்த கரைசலையும் அதே வழியில், அதே வேகத்தில் விட்டு ஒப்பிட்ட பிறகே ஆற்றின் எண்ணை எழுதுகிறோம்.